தண்ணீர் வடிந்த பிறகு: வாசகர் கேள்வி – பதில்

டிசம்பரில் வானம் கறுத்தாலே வடசென்னைக்கு வயிற்றில் புளி கரைகிறது. 2004 சுனாமி, 2015 வெள்ளம், 2016 வர்தா, 2023 மிக்ஜாம் என்று கடந்துபோன வருஷங்களைப் பேரிடரின் பெயரால் சொல்லியே பழகிவிட்டோம். காசிமேட்டிலிருந்து மணலி புதுநகர் வரை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஓர் ஆயர், ஒரு மனநல ஆலோசகர், நிவாரணப் பணியில் ஊறிய இருவர் என நால்வர் கலந்து பேசி எழுதிய பதில்கள் இவை.

மழைத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து பக்கத்து வீட்டு அண்ணன் இறந்துவிட்டார். ஜெபிக்கப் போனோம். கூட வந்த ஒருவர், "சகலமும் நன்மைக்கு ஏதுவாகத்தான் நடக்குது அக்கா" என்றார். அந்த அக்கா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இனி எந்த முகத்தோடு போவது?
— வாசகி, வியாசர்பாடி

அதே முகத்தோடு போங்கள் சகோதரி. ஆனால் கூட ஒருவர் போதும். ஏழெட்டுப் பேர் திரண்டு போனால், துக்க வீட்டுக்காரருக்கு உங்களை உட்கார வைக்க இடம் தேடுவதே வேலையாகிவிடும். முதல் வார்த்தை மன்னிப்பாக இருக்கட்டும்: "அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா." அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அவர் சொன்னது ரோமர் 8:28. அது பொய் வசனம் இல்லை. ஆனால் அதற்குச் சில வரிகள் முன்னால்தான், சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது என்றும், என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் நாம் நிற்கும்போது ஆவியானவர் பெருமூச்சோடு நமக்காக வேண்டுகிறார் என்றும் பவுல் எழுதுகிறார் (8:22, 26). அந்தப் பெருமூச்சைக் கடந்து வந்தவர் தன் வாயால் சொல்ல வேண்டிய வசனம் அது. அடக்கம் முடிந்து ஈரம் காயாத வீட்டில் அடுத்தவர் அதை எடுத்துக் கொடுத்தால், "உன் புருஷன் செத்தது நல்லதுக்குத்தான்" என்றுதான் காதில் விழும். யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அவர்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. இறந்த லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார்.

போகும்போது ஃபிளாஸ்க்கில் டீயும் ஒரு கேன் குடிதண்ணீரும் கொண்டுபோங்கள். அவர் தரையில் இருந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். இருபது நிமிடம் போதும். "எப்படி நடந்துச்சு?" என்று கேட்காதீர்கள். பேரிடரில் சிக்கியவர்களுக்கு மன முதலுதவி செய்வது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2011இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நடந்ததைச் சொல்லச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்பது அதன் முக்கியமான எச்சரிக்கை. அவராகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். இறந்தவரை "பாடி", "அவர்" என்று சுற்றி வளைக்காமல் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். கிளம்பும் முன், "ஜெபிக்கட்டுமாக்கா?" என்று கேளுங்கள். சரி என்றால் தணிந்த குரலில் இரண்டு நிமிடம். வேண்டாம் என்றால், "சரிக்கா, வியாழக்கிழமை சாயங்காலம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். வியாழக்கிழமை மழையே அடித்தாலும் போய் நில்லுங்கள். கூட்டமாக வந்தவர்கள் பத்தாம் நாளுக்குள் கலைந்துவிடுவார்கள். சொன்ன நாளில் மறுபடி வருகிற ஒருவரைப் பார்த்துத்தான், கடவுளும் தன்னை மறக்கவில்லை என்ற எண்ணம் மெல்லத் துளிர்க்கும்.

இன்னொன்று. பேரிடரில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிகளின்படி 4 லட்சம் ரூபாய் உண்டு. பிரேதப் பரிசோதனை அறிக்கை, எஃப்.ஐ.ஆர். நகல், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். பல குடும்பங்கள் கோட்டை விடுவது முதல் படியிலேயே: "உடம்பைக் கிழிக்க வேணாம்" என்று போலீஸுக்குச் சொல்லாமல் அடக்கம் செய்துவிடுகிறார்கள், சாவுக்குக் காரணம் வெள்ளம்தான் என்று பிறகு காட்ட வழியில்லாமல் போகிறது. விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஒருவரைச் சபையிலிருந்து அந்த அக்காவோடு அனுப்புங்கள்.

ஒரு மாதம் கழிந்தும் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். "நானும் போயிடறேன்" என்ற பேச்சு வந்தால் ஒரு மாதம் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழையுங்கள். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. ஜெபம் போதும் என்று மருந்தை நிறுத்தச் சொல்கிறவர்களை அந்த வீட்டுப் பக்கம் விடாதீர்கள்.

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் முழங்கால் அளவு தண்ணீர். எங்கள் வீட்டுக்குள் மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து, கடவுள் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல ஆசை. சொல்லலாமா?
— வாசகர், கொருக்குப்பேட்டை

நன்றி சொல்லுங்கள் ஐயா, ஆனால் "எங்க வீட்டை மட்டும் கர்த்தர் காப்பாத்தினார்" என்று மைக்கில் சொல்லாதீர்கள். பின்வரிசையில் வீடு நனைந்தவர் உட்கார்ந்திருக்கிறார். அவரும் அந்த இரவெல்லாம் ஜெபித்தவர்தான். உங்கள் வீட்டின் அஸ்திவாரம் மேடாக இருக்கிறது. அதைக் கடவுள் கொடுத்த வசதியாக எடுத்துக்கொள்வது நல்லது. அப்படியானால் அந்த வசதியைத் திறந்து விடுங்கள். வெள்ளத்தில் பெண்களுக்குச் சோற்றை விடப் பெரிய கஷ்டம் கழிப்பறை. உங்கள் கழிப்பறையைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் கூச்சமில்லாமல் வந்து போகும்படி செய்யுங்கள். மின்சாரம் இருந்தால் நாலைந்து போனுக்குச் சார்ஜ் போட ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மொட்டை மாடியில் துணி காயப்போட ஒரு கொடி, மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் ராத்திரி படுக்க ஒரு காய்ந்த தரை. இதையெல்லாம் செய்த பிறகு சாட்சியை நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது, தெருவே சொல்லும்.

2004இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்தது பாவத்துக்குத் தண்டனைதான் என்று ஒரு பிரசங்கியார் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்கும்போது நெஞ்சு பதறுகிறது.
— சுனாமியில் உறவை இழந்தவர், காசிமேடு

பதறத்தான் வேண்டும். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்களே, எருசலேமில் இருந்த மற்ற எல்லோரையும் விட அவர்கள் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, "அப்படியல்ல" என்று அவரே பதிலும் சொல்லிவிட்டார் (லூக்கா 13:4, 5). பிறகு கேட்டவர்களைப் பார்த்து, நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார். செத்தவர்களின் கணக்கைப் பார்க்காதே, உன் கணக்கைப் பார் என்பதுதான் பொருள். அந்தப் பிரசங்கியார் பாதி வசனத்தை மேடையில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்.

நடந்தது என்ன என்பதும் தெரிந்த விஷயம். அன்று காலை நம் நேரப்படி 6.28 மணிக்கு, சுமத்ராவுக்கு அருகே கடலடியில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் கீழ் நழுவியது, 9.1 அளவிலான நிலநடுக்கம். கடலடித் தரை எம்பியதில் மேலே இருந்த தண்ணீரும் எம்பி அலையாகப் புறப்பட்டது. நம் கரைக்கு அது வந்து சேர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆனது. அந்த இரண்டரை மணி நேரத்தில் கரையை எச்சரிக்க இந்தியப் பெருங்கடலுக்கு அன்று ஒரு ஏற்பாடும் இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில்தான் தொடங்கியது. ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு கிறிஸ்தவர் கேட்க வேண்டிய கேள்வி, "யார் செய்த பாவம்?" என்பது இல்லை. "அடுத்த முறை எச்சரிக்கை வந்தால் நம் தெருவில் யார் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?" என்று கேட்கலாம். கோயில் மணியை எந்த முறையில் அடித்தால் ஆபத்து என்று பொருள், காது கேளாத பாட்டியை யார் தூக்கிக்கொண்டு ஓடுவது என்பதையெல்லாம் நவம்பருக்கு முன்பே பேசி முடித்துவைக்கலாம்.

வாலிபர் கூட்டத்தில் 500 சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கப் போகிறோம். ஒவ்வொன்றிலும் ஒரு சுவிசேஷத் துண்டுப்பிரசுரம் வைக்கலாம் என்று சிலர், வேண்டாம் என்று சிலர். எது சரி?
— வாலிபர் செயலர், தண்டையார்பேட்டை

வைக்காதீர்கள் தம்பி. பசியோடு நிற்பவர் அந்தத் தாளை வேண்டாம் என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் நீட்டப்படுகிற நற்செய்தி, சோற்றுக்கு விலையாகத்தான் தெரியும். செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் ஒப்புக்கொண்ட நடத்தை நெறியிலேயே, நிவாரணத்தை மதக் கருத்தையோ அரசியல் கருத்தையோ பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்று இருக்கிறது. கிறிஸ்தவத் தொண்டு நிறுவனங்களும் அதில் ஒப்பமிட்டிருக்கின்றன. "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்" சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லுங்கள் என்கிறது 1 பேதுரு 3:15. கேட்கிறவருக்கு என்பதைக் கவனியுங்கள். "ஏம்பா இவ்ளோ தூரம் தண்ணியில வர்றீங்க?" என்று ஒரு அம்மா கேட்பார். அப்போது சொல்லுங்கள், இரண்டே வாக்கியத்தில். மேலும் கேட்டால் இன்னொரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். அதற்கு ஆயத்தமாக, நான் ஏன் கிறிஸ்துவை நம்புகிறேன் என்று ஒவ்வொருவரும் தன் சொந்த வார்த்தையில் முன்கூட்டியே எழுதிப் பாருங்கள். மனப்பாடம் செய்த வசனம் முழங்கால் தண்ணீரில் நாக்கில் ஒட்டாது.

இனி சோறு. 100 பேருக்குக் கலந்த சாதம் என்றால் 10 முதல் 12 கிலோ அரிசி. வெள்ளச் சமயத்துக்குப் புளிசாதம்தான் கைகொடுக்கும். 12 கிலோ அரிசிக்கு ஒரு கிலோ புளி, 2 லிட்டர் நல்லெண்ணெய். சாம்பார் சாதமும் தயிர் சாதமும் சீக்கிரம் புளித்துப்போகும். தவறு பெரும்பாலும் கட்டும்போதுதான் நடக்கிறது: அவசரத்தில் ஆவி பறக்கப் பறக்கக் கட்டிவிடுவார்கள். உள்ளே ஆவி தண்ணீராக இறங்கி, படகு கிடைக்கத் தாமதமாகி, கைக்குப் போய்ச் சேரும்போது சோறு நூல் விட்டிருக்கும். சுத்தமான துணி விரித்து அதன் மேல் வாழையிலை போட்டுச் சோற்றைப் பரப்பி ஆறவிட்டு, பிறகு கட்டுங்கள். சமைத்த நேரத்தைப் பொட்டலத்தின் மேல் பேனாவால் எழுதுங்கள். நாலு மணி நேரத்துக்குள் கைக்குப் போய்விட வேண்டும்.

சபை உறுப்பினர் பட்டியலை வைத்துக் கொடுக்காதீர்கள். தெருப் பட்டியலை வையுங்கள். அந்தத் தெருவின் மகளிர் குழு அக்கா ஒருவரைக் கூடவே நடத்திக்கொண்டு போனால், படுக்கையில் இருப்பவர், தனியாக இருக்கும் முதியவர், கதவைத் திறக்கக் கூச்சப்படுகிற வீடு என்று எல்லாம் அவருக்குத் தெரியும். பழைய துணி மூட்டை கேட்காதீர்கள். அது கடைசியில் தெருமுனையில் குப்பையாகக் குவியும். புது நைட்டி, லுங்கி, உள்ளாடை, நாப்கின், பாய், பக்கெட், துடைப்பம் இவைதான் உடனடித் தேவை. கைக்குழந்தைக்குப் பால்பவுடரும் புட்டியும் பொதுவாக விநியோகிக்க வேண்டாம். சுத்தமான தண்ணீரும் கொதிக்க வைக்க அடுப்பும் இல்லாத இடத்தில் அந்தப் புட்டி வயிற்றுப்போக்கைத்தான் கொண்டுவரும். தாய்ப்பால் கொடுக்கிறவருக்கு இரண்டு பொட்டலம் கொடுங்கள். வாங்குகிறவர் முகம் தெரியப் போட்டோ எடுக்காதீர்கள்.

நம்பிக்கை, எதிர்நோக்கு: இரண்டும் ஒன்றுதானா? எங்கள் வீட்டில் அவர் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்), நான் கத்தோலிக்கர். இரண்டு பைபிளிலும் வார்த்தை மாறி இருக்கிறது.
— வாசகி, ராயபுரம்

நல்ல கண். 1 கொரிந்தியர் 13:13ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு". நீங்கள் வாசிக்கும் திருவிவிலியத்தில் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு". ஆக, அவர் வீட்டு "நம்பிக்கை"தான் உங்கள் வீட்டு "எதிர்நோக்கு". இழவு வீட்டில் பேசும்போது இந்தக் குழப்பம் வினையாகும். "நம்பிக்கையோட இருங்க" என்று நீங்கள் சொன்னால், தன் விசுவாசம் குறைந்துவிட்டது என்று குற்றம் சொல்வதாகத் துக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொள்ளலாம். எதிர்நோக்கு என்ற சொல் இந்த இடத்தில் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. விடியலை எதிர்பார்த்துக் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருப்பது அதில் தெரிகிறது. இன்னும் இருட்டாகத்தான் இருக்கிறது என்பதும் தெரிகிறது.

அப்பா வைத்திருந்த பைபிள் முழுக்க நனைந்துவிட்டது. முன்பக்கத்தில் எங்கள் எல்லோருடைய பிறந்த நாளும், அம்மா இறந்த நாளும் அவர் கையால் எழுதியிருக்கிறது. தூக்கிப்போட மனசில்லை.
— வாசகர், மணலி புதுநகர்

தூக்கிப்போட வேண்டாம். ஆனால் இரண்டு நாளுக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். 48 மணி நேரம் போனால் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். வெள்ளத் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் எழுத்துள்ள அந்தப் பக்கம் தானாகத் திறந்தால் செல்போனில் நாலைந்து படம் எடுங்கள். பால்பாயின்ட் பேனாவில் எழுதியது பெரும்பாலும் நிற்கும். இங்க் பேனா எழுத்து காயக் காயப் பரவி மங்கும். ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்காதீர்கள். பைபிள் தாள் வெங்காயத் தோல் மாதிரி. ஈரத்தில் இழுத்தால் கையோடு வந்துவிடும். சேறு அப்பியிருந்தால், புத்தகத்தை இறுக மூடிப் பிடித்தபடியே ஒரு பக்கெட் நல்ல தண்ணீரில் முக்கி வெளிப்புறத்தை மட்டும் அலசுங்கள். தேய்க்க வேண்டாம். பிறகு பழைய துண்டின் மேல் படுக்க வைத்து, மேலே இன்னொரு துண்டு போட்டு மெதுவாக ஒற்றுங்கள்.

பக்கங்கள் கொஞ்சம் தளர்ந்ததும் இருபது முப்பது பக்கத்துக்கு ஒன்றாக எழுதாத வெள்ளைத் தாளைச் செருகுங்கள். அச்சடித்த பேப்பர் வேண்டாம், மை ஏறும். ஆசையில் நிறையச் செருகினால் முதுகு பிளந்துவிடும். புத்தகத்தின் கனத்தில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை தாளை மாற்றுங்கள். ஈரம் பாதி போனதும் விசிறி போல் லேசாக விரித்து நிற்க வைத்து, மின்விசிறிக் காற்றை நேராக அடிக்காமல் அறையில் சுற்றும்படி விடுங்கள். வெயிலில் வைத்தாலும் ஹேர் டிரையர் போட்டாலும் அட்டை வளைந்து, தாள் அப்பளம் போல் நெளிந்துவிடும். பக்கத்தைத் தொட்டால் சில்லென்று இருக்கும் வரை உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சில்லிப்பு போன பிறகு மேலே கனம் வைத்து ஒரு வாரம் அழுத்துங்கள்.

இப்போது நேரமே இல்லை, வீட்டில் சேறு வாரவே ஆள் போதவில்லை என்றால், பைபிளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பிரிட்ஜ் ஓடுகிற யார் வீட்டிலாவது ஃப்ரீசரில் வையுங்கள். பூஞ்சை வளராமல் அப்படியே நிற்கும். பொங்கல் கழித்து எடுத்துக் காயவைக்கலாம். சபையின் பதிவேடுகளுக்கும் இதே முறைதான். திருமணப் பதிவு முற்றிலும் அழிந்தாலும் கலங்க வேண்டாம். 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அதன் நகல் அரசுக்கும் போகிறது. ஞானஸ்நானப் பதிவேட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, ஆகவே அதை முதலில் காப்பாற்றுங்கள்.

அப்பாவின் பைபிள் காய்ந்த பிறகு வாசிக்க முடியாமல் போகலாம். அப்போது ஒரு புது பைபிள் வாங்கி, குடும்பத்தார் எல்லோரையும் உட்கார வைத்து, அந்தத் தேதிகளை உங்களில் மூத்தவர் தன் கையால் அதில் எழுதட்டும். கீழே வெள்ளம் வந்த தேதியையும் எழுதுங்கள்.

ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். மழை இரைந்தாலே சில பிள்ளைகள் அழுகிறார்கள். ஆறுதலாக நோவா கதை சொல்லலாம் என்று நினைக்கிறேன்.
— ஆசிரியை, புளியந்தோப்பு

தயவுசெய்து இப்போது வேண்டாம் டீச்சர். வானவில் வரை உங்களுக்குத் தெரியும். பிள்ளையின் காதில் விழுவது, "கெட்டவங்களைக் கடவுள் தண்ணியில மூழ்கடிச்சார்" என்பதுதான். பாட்டியைப் பறிகொடுத்த பிள்ளை, பாட்டி கெட்டவளா என்று யோசிக்கும், யாரிடமும் கேட்காது. இந்த மாதங்களுக்கு அப்போஸ்தலர் 27ஐ எடுங்கள். பவுலின் கப்பல் பயணம் அது: புயல், பயம், பதினாலு நாள் சாப்பிடாத 276 பேர். பவுல் அப்பத்தை எடுத்து எல்லோர் முன்னும் நன்றி சொல்லிச் சாப்பிடுகிறார், மற்றவர்களும் தேறுகிறார்கள். கப்பல் உடைந்துபோகிறது, ஆனால் பலகையைப் பிடித்தும் உடைந்த துண்டுகளைப் பிடித்தும் எல்லோரும் கரையேறுகிறார்கள். கப்பல் உடையாது என்று இந்தக் கதை ஏமாற்றுவதில்லை. பெஞ்சைக் கப்பலாக்கி நடிக்க விடுங்கள்; கரைக்கு வந்ததும் ஆளுக்கொரு பன்.

வகுப்பு ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், முக்கால் மணி நேரம் நடக்கட்டும். வாழ்க்கை கலைந்துபோன பிள்ளைக்கு நேரம் தவறாமை ஒரு பிடிமானம். கிரேயானும் தாளும் கொடுங்கள், "வெள்ளத்தை வரை" என்று சொல்லாதீர்கள். வரைந்தால் வரையட்டும். "இனிமே வெள்ளமே வராது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அடுத்த ஐப்பசியில் நீங்கள் பொய்யராவீர்கள். "தண்ணி வந்தா நாம எங்க போவோம், யார் கையைப் பிடிப்போம், பையில என்ன இருக்கும்" என்று பேசிப் பேசிப் பழக்குங்கள். டார்ச், ஒரு செட் துணி, பிஸ்கட், அம்மா போன் நம்பர் எழுதிய சீட்டு: இந்தப் பையைப் பிள்ளையே கட்டினால் பயம் பாதியாகும்.

படுக்கையில் சிறுநீர் போவது, அம்மாவை விட்டு நகராதது, விரல் சூப்புவது எல்லாம் சில வாரங்களில் பெரும்பாலும் தணியும். திட்டக் கூடாது, கேலி செய்யக் கூடாது. ஒரு மாதம் தாண்டியும் தொடர்ந்தால் மேலே சொன்ன 14416ஐ அழையுங்கள். ஆதரவு இல்லாமல் போன பிள்ளை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

2023இல் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆற்றில் படிந்ததிலிருந்து என் மாமனார் கோயிலுக்கு வருவதில்லை. "கடவுளுக்குக் கண்ணு இல்ல" என்கிறார். அவரை எப்படித் திரும்பக் கூட்டி வருவது?
— மருமகள், எண்ணூர்

இழுத்து வராதீர்கள் அம்மா. வலை முழுக்க எண்ணெய் அப்பி, மீன் விற்காமல், எண்ணெயைக் குவளையாலும் பக்கெட்டாலும் அள்ள வேண்டிவந்த கரை அது. அந்தக் கோபத்துக்குக் கோயிலில் இடம் உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்தான். 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிந்துவிடுகிறது, ஒரு ஆறுதல் வரி கூட இல்லை. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். கத்தோலிக்க பைபிளில் இவை திருப்பாடல்கள்.

உங்கள் அன்பியக் கூட்டத்தை (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் ஜெபக் கூட்டம்) ஒரு நாள் அவர் வீட்டுத் திண்ணையில் வையுங்கள். 13ஆம் சங்கீதத்தை ஒருவர் மெதுவாக வாசிக்கட்டும், ஆறே வசனம்தான். பிறகு விரும்புகிறவர்கள் "எதுவரைக்கும்" என்று தொடங்கி ஒரு வாக்கியம் சொல்லட்டும்: "எதுவரைக்கும் எங்க ஆத்துல சாம்பலும் எண்ணெயும்?" யாரும் பதில் சொல்லக் கூடாது, திருத்தக் கூடாது. ஐந்து நிமிடம் அமைதி. அதன் பிறகு தங்களுக்கு என்ன வேண்டுமோ அதைத் தெளிவாகக் கேளுங்கள். பாட்டை உற்சாகமாகப் போட்டு முடித்துவிடும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். மாமனார் வாயே திறக்காமல் தூணில் சாய்ந்திருந்தாலும் அவர் ஜெபத்தில் இருக்கிறார்.

மழை இயற்கை, எண்ணெய் இயற்கை இல்லை. கொசஸ்தலையாற்று முகத்துவாரம் தூர்ந்ததும் இயற்கை இல்லை. மனிதர்மேல் வர வேண்டிய கோபத்தைக் கடவுள்மேல் மட்டும் சுமத்தினால், செய்தவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். நெகேமியா எருசலேமின் இடிந்த மதிலுக்காக அழுதான், உபவாசித்தான், பிறகு ராத்திரியில் போய் மதிலை ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக் கணக்கெடுத்தான். எண்ணூர் எண்ணெய்க் கசிவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே விசாரணைக்கு எடுத்தது நினைவிருக்கும். அங்கே பேசுவது ஆவணம்தான். படகின் பதிவு எண், பழுதான வலையின் தேதியிட்ட படம், வலை வாங்கிய ரசீது, தொழிலுக்குப் போகாத நாட்களின் கணக்கு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். திங்கள்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். பங்குத்தந்தையும் கூடவே வரிசையில் நின்றால், உங்கள் மாமனார் அதைப் பார்ப்பார்.

வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா மகன் சபையின் நிவாரண நிதிக்குப் பணம் அனுப்ப விரும்புகிறார். வாங்கலாமா?
— பொருளாளர், பெரம்பூர்

அவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் வாங்கலாம். பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றாலோ, அங்குள்ள சபையில் வசூலித்து அனுப்புகிறார் என்றாலோ, அது வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவோ முன் அனுமதியோ இல்லாத சபை அதைத் தொடக் கூடாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அப்படித்தான். பதிவு உள்ள இன்னொரு அமைப்பு வாங்கி உங்களுக்கு மாற்றிக் கொடுப்பதும் 2020 திருத்தத்துக்குப் பிறகு முடியாது.

வந்த பணத்தை முதல் வாரத்திலேயே கரைத்துவிடாதீர்கள். முதல் வாரம் எல்லோரும் கொடுப்பார்கள். ஜனவரியில் வாடகை பாக்கி, பள்ளிக் கட்டணம், தையல் மெஷின் ரிப்பேர் என்று வரும்போது யாரும் இருக்க மாட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு அதற்கு இருக்கட்டும். காசோலையில் இருவர் கையெழுத்து. வரவு, செலவு, இருப்பு மூன்றையும் வாரந்தோறும் சபை வாசலில் ஒட்டுங்கள், உதவி பெற்றவர் பெயரை ஒட்டாதீர்கள். தர்மப் பணத்தைக் கையாளும்போது ஒருவரும் குற்றப்படுத்தாதபடி பவுலே எச்சரிக்கையாக இருந்தார் (2 கொரிந்தியர் 8:20, 21).

பத்து நாளாக நிவாரண முகாமில் ஓடிக்கொண்டிருக்கிறேன். இப்போது ஜெபிக்க உட்கார்ந்தால் ஒன்றுமே வரவில்லை. பயமாக இருக்கிறது.
— தன்னார்வலர், திருவொற்றியூர்

தூங்குங்கள். சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசியிடம் தூதன் எந்தப் பிரசங்கமும் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). நாளைக்கு முகாமுக்குப் போகாதீர்கள். அழுக்குத் தண்ணீரில் நின்ற கால் என்பதால், காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ கண் சிவப்போ இருந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வெள்ளத்தில் நின்றதைச் சொல்லி டாக்டரைப் பாருங்கள். ஜெபம் திரும்பி வரும். அதுவரை உங்களுக்காகச் சபை ஜெபிக்கட்டும்.

டிசம்பர் 26 அன்று எங்கள் குப்பத்தில் கடலில் பால் ஊற்றி, பூப்போட்டு அஞ்சலி செய்வார்கள். கிறிஸ்தவர்கள் நாங்கள் ஒதுங்கி நிற்பதா?
— வாசகர், காசிமேடு

ஒதுங்காதீர்கள். பால் ஊற்ற உங்கள் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்றால் பூவைப் போடுங்கள், அதுவும் வேண்டாம் என்றால் கூட நில்லுங்கள். அலை வந்த நேரம் காலை ஒன்பதை ஒட்டி என்பதால் எட்டரைக்கே போய்விடுங்கள். இறந்தவர்கள் பெயரை, மதம் பிரிக்காமல், முழுவதுமாக ஒரு தாளில் எழுதி வாசிக்க ஊர்ப் பெரியவரிடம் அனுமதி கேளுங்கள். ஒரு பெயர் விட்டுப்போனாலும் அந்த வீட்டுக்கு அது இரண்டாவது சாவு, ஆகவே முந்தின வாரமே வீடு வீடாகப் போய்ச் சரிபார்த்துவிடுங்கள். உங்கள் ஜெபத்தை அதன் பிறகு, ஒலிபெருக்கி இல்லாமல், ஓரமாக நின்று செய்யலாம். சேர விரும்புகிறவர்கள் சேர்ந்துகொள்வார்கள். இன்னமும் கடல் பக்கம் முகம் திருப்பி உட்கார முடியாத பெரியவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு நாற்காலியை ரோட்டுப் பக்கம் பார்த்துப் போடுங்கள், பக்கத்தில் ஒருவர் உட்காருங்கள்.